பழகாத இயங்குதளத்தில் தடுமாறிய கணம்: அனுபவப் பகிர்வு

யாழ்ப்பாணத்து அச்சகத்தார்

எங்கள் அச்சகத்துக் கணனியில் விண்டோஸ் 11 ஏறாது என்றும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது என்றும் சொல்லி, மருமகன் அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவித் தந்தார். நான் பழகிய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் அதில் ஓடவில்லை. லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற எழுது மென்பொருளில்தான் இனி வேலை என்றாயிற்று. ஆங்கில விசைகளுக்குத் தமிழ் உருவம் தரும் பழைய பாமினி எழுத்துருவைப் போட்டதும் பழைய கோப்புகள் ஒழுங்காகத் தெரிந்தன. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்று நம்பிவிட்டேன்.

முதலில் வந்த பெரிய வேலை ஒரு கல்வெட்டு, அதாவது இறந்தவர் நினைவாகப் பதிகங்களும் உறவினரின் புலம்பல் பாக்களும் சேர்த்து அச்சிடும் சிறு நூல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு இருநூறு பிரதிகள் வேண்டும். நான் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே தட்டச்சு செய்கிறவன். திரையைப் பார்க்கும் வழக்கம் இல்லை. பதிகங்களை மட்டும் இரண்டு முறை ஒப்புநோக்கினேன், தலைப்புகளைப் பார்க்கவில்லை. பிரதிகளை எடுத்துப்போக வந்த இறந்தவரின் மகன் ஒன்றைப் பிரித்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு, "அண்ணை, இஞ்சை பாருங்கோ, அம்மாவின்ரை புலம்பலிலை முனைவி எண்டெல்லோ கிடக்குது" என்றார். "மனைவி புலம்பல்" என்று நான் அடித்தது "முனைவி புலம்பல்" என்றும், அடுத்த பக்கத்தில் "மக்கள் புலம்பல்" என்பது "முக்கள் புலம்பல்" என்றும் அச்சாகியிருந்தன.

பாமினியில் ஆங்கிலச் சிறிய கே (k) என்பது 'ம', பெரிய கே (K) என்பது 'மு'. பந்தியின் முதல் எழுத்தை அந்த மென்பொருள் ஆங்கிலம் என்று எண்ணித் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிட்டது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை, அந்த விரல்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

விழுப்புரம் பயிற்சியாளர்

ஐயா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் இதை இயங்குதளத்தின் குறையாகச் சொல்வது சரியல்ல. விண்டோஸில் வேர்டைப் பயன்படுத்தியிருந்தாலும் இதே தானியங்கித் திருத்தம் இதே பிழையைச் செய்திருக்கும். நீங்கள் இதுவரை பயன்படுத்தியது பேஜ்மேக்கர் என்பதால் அது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நேர்ந்ததும் ஒன்று உண்டு. முதன்முதலில் உபுண்டு என்ற லினக்ஸில், கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தில் கடவுச்சொல் கேட்டபோது, தட்டத் தட்ட ஒரு புள்ளிகூடத் தோன்றவில்லை. விசைப்பலகை பழுது என்று முடிவுகட்டிக் கடைக்குப் போய்ப் புதியது வாங்கி வந்தேன். அதிலும் எதுவும் தோன்றவில்லை. கடவுச்சொல்லின் நீளத்தைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் அறியக் கூடாது என்பதற்காகவே எதையும் காட்டாமல் விட்டிருந்தார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரைட்டரில் கருவிகள் பட்டியலுக்குள் தானியங்கித் திருத்தத் தேர்வுகள் என்ற பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் பெரிதாக்கும் குறியை எடுத்துவிடுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்துகள் வந்தால் இரண்டாவதைச் சிறிதாக்கும் குறி ஒன்றும் அதன் அருகிலேயே இருக்கிறது. பாமினியில் 'மு', 'ரு' இரண்டும் பெரிய எழுத்துகள் என்பதால், அந்தக் குறி இருக்கும்வரை நீங்கள் அடிக்கும் முருகன் "முரகன்" ஆகிக்கொண்டே இருப்பார். இதை விடவும் முக்கியமானது, பாமினியை விட்டு ஒருங்குறிக்கு (யூனிகோடு) வருவது. பாமினிக் கோப்பில் "தமிழ்" என்ற சொல்லே கிடையாது. ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் இருக்கின்றன, எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகத்தைப் பூட்டிக் காட்டுகிறது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துக்குப் பெரியது சிறியது என்ற பேதமே இல்லாததால் இந்தப் பிழை நேரவே வழியில்லை. எங்கள் தமிழ்நாட்டில் அரசே 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணை வெளியிட்டுவிட்டது. விரல் பழக்கம் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம்; லினக்ஸின் ஐபஸ் உள்ளீட்டு முறையில் உங்கள் ஊர் ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கிறது. பழைய கோப்புகளை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகளும் நிறைய உண்டு. கற்றுக்கொள்ள மனம் இருந்தால் எந்த இயங்குதளமும் கடினம் அல்ல.

திருவாரூர் வாசகி

மேலே உள்ளவரின் கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு மனம் இருந்தது. கற்றுத்தரத்தான் யாரும் இல்லை.

பிளஸ் டூ படித்தபோது எனக்கு விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. விண்டோஸ் ஒரு பாதி, இந்தியாவில் உருவான பாஸ் என்ற லினக்ஸ் மறுபாதி. யார் யாரோ கொண்டுவந்து செருகிய பென்டிரைவ்களால் விண்டோஸ் பாதி வைரஸ் பிடித்து, தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று திறக்கவே மறுத்தது. எங்கள் தெருவில் வேறு கணினி கிடையாது. நான்கு பிள்ளைகள் தங்கள் பதிவெண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார்கள். அண்ணன் வாங்கிவந்த இணைய டாங்கிளை பாஸ் பக்கத்தில் செருகியபோது திரையில் ஒரு குறுந்தகட்டின் படம் தோன்றியது. சொடுக்கினேன், கோப்புகளின் பட்டியல் விரிந்தது. அவற்றைச் சொடுக்கினால் இன்னொரு பட்டியல் விரிந்தது. இணையம் மட்டும் வரவில்லை. பிடுங்கிச் செருகினேன், மறுபடியும் அதே குறுந்தகடு. திண்ணையில் இருந்த ஒரு பெண், "அக்கா, உனக்கு இது தெரியாதா?" என்று கேட்டாள். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, உண்மையாகவே கேட்டாள். நாங்கள் ஐந்து பேரும் மிதிவண்டிகளில் பிரவுசிங் சென்டருக்குப் போனோம்.

அந்த வகை டாங்கிள்கள், விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகளைக் கொடுப்பதற்காக முதலில் தம்மைக் குறுந்தகடாகக் காட்டிக்கொள்ளும். லினக்ஸில் அதை மோடமாக மாற்ற ஒரு சிறு நிரல் வேண்டும் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. ஐந்து நிமிட விஷயம். மடிக்கணினியைக் கையில் கொடுத்த பள்ளியில் அந்த மறுபாதியை ஒருவரும் ஒரு நாளும் திறந்து காட்டவில்லை.

சேலத்து மகன்

லினக்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். விண்டோஸே ஒருநாள் பழகாத இயங்குதளமாகிப்போன கதை என்னுடையது. பயிற்சியாளர் சொல்வதுபோல் இது மனத்தைப் பொறுத்ததும் அல்ல. விண்டோஸின் பழைய பதிப்பான எக்ஸ்பியில் பத்தாண்டு கணக்கு எழுதிய என் அப்பாவுக்கு இல்லாத மனமா?

அவர் ஓய்வுபெற்றபோது நான் வாங்கித் தந்தது விண்டோஸ் 8 மடிக்கணினி. 2012 அக்டோபரில் வெளியான அந்தப் பதிப்பில் இடது மூலையில் ஸ்டார்ட் பொத்தானே கிடையாது. படத்தைத் திறந்தால் திரை முழுவதும் பரவும். மூடுவதற்கான பெருக்கல் குறி எந்த மூலையிலும் இருக்காது. பேரனின் முதல் பிறந்தநாள் படத்தை நான் பெங்களூரிலிருந்து அனுப்பினேன். அப்பா திறந்து பார்த்துவிட்டார். இரவு பத்து மணிக்கு என்னை அழைத்து, "படம் போகமாட்டேங்குதுப்பா, எதை அமுக்கணும்?" என்று கேட்டார். அலுவலக வேலையில் இருந்த நான், "ஏதாவது ஒரு பொத்தானை அமுக்குங்களேன்" என்று எரிந்து விழுந்தேன். எந்தப் பொத்தானும் உதவாது என்று பயந்தாரோ என்னவோ, எதையும் அமுக்கவில்லை. படம் தெரிந்தபடியே இருக்க, மின்கலம் தீர்ந்து தானாக அணையும்வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார் என்று அம்மா மறுநாள் சொன்னார்.

சுட்டியைத் திரையின் மேல் விளிம்பில் அழுத்திப் பிடித்துக் கீழ் விளிம்புவரை இழுத்தால் மூடியிருக்கும். அதை ஒரு மனிதர் தானாக எப்படிக் கண்டுபிடிப்பார்? 2013-இல் வந்த 8.1 பதிப்பில் ஸ்டார்ட் பொத்தானைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்றால், தவறு அப்பாவிடம் இல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் அப்பா கணினியைத் துணி போட்டு மூடிவிட்டார்.

அச்சகத்து ஐயா, அந்தப் பிரதிகளை என்ன செய்தீர்கள்?

யாழ்ப்பாணத்து அச்சகத்தார்

கேட்டதற்கு நன்றி, தம்பி. பயிற்சியாளர் சொன்ன இரண்டு குறிகளையும் எடுத்துவிட்டேன்; முருகன் என்று அடித்துப் பார்த்தேன், முருகனாகவே நிற்கிறார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டவன். ஒருங்குறிக்கு மாறுவதைப் பற்றியும் யோசிக்கிறேன். ஆனால் இருபது வருடக் கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிச் சரிபார்க்க எனக்கு ஆள் இல்லை.

அன்றிரவு "மனைவி", "மக்கள்" என்ற இரண்டு சொற்களையும் அதே அளவில் தனித்தாளில் அச்சிட்டு, சிறு துண்டுகளாக வெட்டி, பிழைக்கு மேலே பசை வைத்து ஒட்டினோம். நானும் மனைவியும் அந்த மகனும் மூன்று பேர். விடியற்காலை நான்கு மணியானது. வெள்ளைத் தாளின் மேல் வெள்ளைத் துண்டு என்பதால், சாய்த்துப் பிடித்தால்தான் ஒட்டு தெரியும்.

இறந்தவரின் கனடாவிலுள்ள மகளுக்கும் அங்குள்ள உறவினர்களுக்குமாகப் பத்துப் பிரதிகள் முதல் நாளே, ஒருவரும் பிரித்துப் பார்க்காமல், தபாலில் போய்விட்டன. அவற்றுக்கான துண்டுகளையும் வெட்டி ஒரு கடித உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். போய்ச் சேர்ந்ததாக இன்னும் தகவல் இல்லை.