கப்ளிங் ரப்பர் அடிக்கடி போகிறதா? பேரிங்கில் அளந்தால் தெரியாது

(மூவர் பேசுகிறார்கள்: ‘கம்ப்ரசர் ஷெட்’, ‘நிலைமம்’, ‘ஆரம்பநிலை’ என்பவை அவர்களின் புனைபெயர்கள்.)

கம்ப்ரசர் ஷெட்:
விஎஃப்டி (வேகத்தை மாற்றும் மின்கருவி) மோட்டாரில் ஓடும் பிஸ்டன் கம்ப்ரசரில், இரண்டின் ஷாஃப்டுகளையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் அடிக்கடி போனால், பழி முதலில் அலைன்மெண்ட் (ஷாஃப்டுகள் நேர்கோட்டில் இருப்பது) மேல் விழும். டயல் கேஜ் வைத்து அளந்தால் சரியாகவே இருக்கும். பேரிங்கில் வைத்த அதிர்வு மீட்டரும் நல்ல பிள்ளையாக இருக்கும். ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடவில்லை, சுழன்றபடியே முன்னும் பின்னும் முறுகுகிறது. இடையில் கியர் இருந்தால்தான் பல்லின் தள்ளுவிசை வழியாக இது பேரிங்குக்கு வந்து சேரும்.

கழற்றிய ரப்பரை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெந்து பிசுபிசுத்திருந்தால் பெரும்பாலும் முறுக்கு அதிர்வுதான். ஷாஃப்டில் சாவி (கீ) செருகும் பள்ளத்தின் மூலையிலிருந்து 45 பாகைச் சாய்வில் விரிசல் ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நிலைமம்:
எந்த வேகத்தில் இந்த முறுக்கு அதிர்வு எகிறும் என்ற கணக்கு ஒரு தாளில் முடியும். மோட்டார் பக்க நிலைமம் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை) 2, பிளைவீலோடு கம்ப்ரசர் பக்கம் 8 (கிலோ-மீட்டர்²), கப்ளிங் விறைப்பு ரேடியனுக்கு 20,000 நியூட்டன்-மீட்டர் என்று வையுங்கள். இரண்டு நிலைமங்களின் பெருக்கலைக் கூட்டலால் வகுத்தால் 1.6. 20,000-ஐ அதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 111.8, அதை 6.283-ஆல் வகுத்தால் இயல்பு அதிர்வெண் 17.8 ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்துக்கு 1068. கம்ப்ரசரின் திருகுவிசை (டார்க்) சுற்றுக்கு ஒருமுறையும் இருமுறையும் ஏறி இறங்கும். ஆகவே ஆபத்தான வேகங்கள் 1068, 534. இரண்டுக்கும் 10% தள்ளி, 600 முதல் 960 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) வரை நிம்மதியாக ஓட்டலாம்.

காகிதத்தில் மட்டும். ரப்பர் சூடேறி விறைப்பு 20% குறைந்தால் 1068 என்பது 955-க்கு இறங்கிவிடும். குளிரில் ஸ்டார்ட் செய்து பார்த்து "ஓகே" என்று கையெழுத்துப் போட்ட மெஷின், ஒரு மணி நேரம் கழித்து 950-இல் கிழிக்கத் தொடங்குவது இப்படித்தான்.

ஆரம்பநிலை:
அப்போ இன்னும் கெட்டியான ரப்பர் போட்டால் தாங்காதா சார்?

நிலைமம்:
அது தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை, தம்பி. விறைப்பு ஒன்றரை மடங்கானால் 21.8 ஹெர்ட்ஸ். சுற்றுக்கு இருமுறை வரும் விசை இப்போது 654 ஆர்பிஎம்மில் பிடிக்கும், ஓட்டும் எல்லைக்கு நடுவிலேயே. போட்டே தீர வேண்டுமென்றால் விஎஃப்டியில் 589 முதல் 719 வரை தாண்டிப்போக செட் செய்யுங்கள். கப்ளிங் வாங்கும்போது டார்க் மட்டும் கேட்காமல், சூட்டில் விறைப்பு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

கம்ப்ரசர் ஷெட்:
அளக்க, கப்ளிங்கின் இருபுறமும் கறுப்பு-வெள்ளைப் பட்டை டேப் ஒட்டி, இரண்டு ஆப்டிகல் சென்சார் வைத்து, முறுக்குக் கோண வித்தியாசத்தைப் பாருங்கள். டேப் சேருமிடத்தில் பட்டை அகலம் மாறினால் சுற்றுக்கு ஒருமுறை பொய்யாக ஒரு துடிப்பு வரும், ஏமாறாதீர்கள். டார்க் அளவே வேண்டுமென்றால் ஷாஃப்டில் 45 பாகையில் ஒட்டும் ஸ்ட்ரெய்ன் கேஜ் (உலோகம் நீள்வதை அளக்கும் சென்சார்)தான்.

ரப்பரை மாற்றும் முன் வால்வுகளைத் திறந்து பாருங்கள். இருபுறமும் அழுத்தும் சிலிண்டரில் ஒரு பக்க வால்வு தட்டு உடைந்தாலே, சுற்றுக்கு ஒருமுறை வரும் விசை எகிறும். ரப்பரைக் கொல்வது பல நேரம் அந்தத் தட்டுதான்.