தெருவார் கூடும் மாலை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் புறநகரில் உள்ள எங்கள் தெருவில் பலர் காரை கராஜில் நிறுத்தியதும் கதவை அடைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டில் தனியாக வாழும் முதியவரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அண்டைவீட்டாரும் காவல்துறையினரும் சந்தித்துப் பழகும் ஆண்டு நிகழ்வான ‘நேஷனல் நைட் அவுட்’ வரும் நாளன்று அனைவரையும் ஒன்றுகூட்ட விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வணக்கம். 1984இல் தொடங்கிய இந்நிகழ்வு, நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் முதல் செவ்வாயன்று நடந்தாலும், கோடை வெப்பம் கருதி டெக்சாஸில் அக்டோபர் முதல் செவ்வாயன்று நடத்தப்படுகிறது. உங்கள் நகரக் காவல்துறையிடம் முன்பதிவு செய்தால் ரோந்துக் காவலர்கள் வந்து பேசுவார்கள். பல ஊர்களில் தீயணைப்பு வண்டியும் வரும், குழந்தைகளுக்கு அதுவே பெரிய விருந்து. தெருவை அடைப்பதற்குத் தனி அனுமதி தேவைப்படும் என்பதால் அதை முதலில் கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 2:
வாட்ஸ்அப் அழைப்போடு நிறுத்திக்கொள்ளாமல் வீடு வீடாக நேரில் செல்லுங்கள். அந்த முதியவரின் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். 2021 பிப்ரவரிக் குளிர்ப்புயலில் டெக்சாஸில் இலட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமின்றி உறைந்தபோது, யார் தனியாக இருக்கிறார், யாருக்கு மருத்துவக் கருவி இயங்க மின்சாரம் வேண்டும் என்பதை அறிந்திருந்த அண்டைவீட்டாரால்தான் உடனே உதவ முடிந்தது. ஆகவே நீண்ட பாதுகாப்பு உரைகளைத் தவிர்த்து, விரும்புவோரின் தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதி வாங்குவதே முதன்மையான வேலை என்று உறுதியாகக் கருதுகிறேன்.

மறுமொழி 3:
உணவை ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். நிலக்கடலையோ இறைச்சியோ சேர்ந்த பதார்த்தங்களில் அவசியம் பெயர்ச்சீட்டு ஒட்டச் செய்யுங்கள்.