வாலிபாலில் எதிரணி போடும் சர்வீஸை எடுத்தால் பந்து அவர்களுக்கே திரும்பிப் போய்விடுகிறது, தனியாகப் பயிற்சி செய்ய வழி சொல்லுங்கள்

செம்மண்கிரவுண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பிளஸ் 1 படிக்கிறேன், பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறேன். உயரம் 156 செ.மீ. போன மாதம் குறுவட்டப் போட்டியில் அரையிறுதியில் தோற்றோம். கடைசி செட்டில் நான் பின்வரிசைக்கு வந்ததும் எதிரணிப் பெண் ஒருத்தி என்னையே பார்த்துப் பார்த்து சர்வீஸ் போட்டாள். வரிசையாக ஐந்து பந்து. இரண்டு என் கையில் பட்டு நெட்டைத் தாண்டி நேராக அவர்கள் அட்டாக்கரிடமே போனது. மூன்று பக்கவாட்டில் தெறித்து வேப்பமரத்தடியில் போய் விழுந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பள்ளியில் மொத்தம் இரண்டு பந்து. அதில் ஒன்றில் காற்று நிற்காது. சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் பயிற்சி, அதில் பாதி நேரம் ஸ்மாஷுக்கே போய்விடும். பி.டி. டீச்சரிடம் கேட்டால் சொல்லித்தருவார், ஆனால் அவருக்கு ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பின்பக்கம் ஒரு சுவரும், பந்து எறிந்து தர ஏழாவது படிக்கும் தம்பியும் உண்டு. இதை வைத்து என்ன செய்யலாம்? இந்த உயரத்துக்கு ஸ்மாஷ் பழகுவது வீணா?

பழையலிபெரோ எழுதியது:

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்ததும் என் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. நான் கல்லூரி அணியில் மூன்று வருடம் லிபெரோவாக, அதாவது பின்வரிசையில் மட்டும் நின்று பந்தை எடுக்கிறவளாக ஆடியவள். சர்வீஸ் எடுப்பதுதான் என் முழு வேலையே. அதனால் அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பந்து நெட்டைத் தாண்டிப் போகிறது என்றால் நீ கையை வீசுகிறாய் என்று அர்த்தம். வேகமாக வரும் சர்வீஸுக்கு உன் பலம் தேவையே இல்லை. அதன் வேகமே அதைச் செட்டரிடம் (ஸ்மாஷ் அடிக்கப் பந்தைத் தூக்கித் தருகிறவள்) கொண்டுபோகும், நீ இரண்டு முன்கையையும் சேர்த்துப் பலகை மாதிரி சாய்த்துப் பிடித்தால் போதும். முழங்கை மடங்காமல், இரண்டு கட்டை விரலும் ஒட்டித் தரையைப் பார்த்தபடி, மணிக்கட்டுக்கு மேலே சதை தட்டையாக இருக்கும் இடத்தில் பந்து பட வேண்டும். இன்று பயிற்சி முடிந்ததும் கையைப் பார். சிவப்புத் தடம் அந்த இடத்தில் ஜோடியாக இருந்தால் சரி. ஒரு கையில் மட்டும் இருந்தாலோ, கட்டை விரல் எலும்பில் வலித்தாலோ, அங்கேதான் பந்து தெறிக்கிறது.

ஆனால் கை இரண்டாவது விஷயம்தான். பக்கவாட்டில் தெறித்த மூன்று பந்துக்கும் கால் போய்ச் சேர்ந்திருக்காது. இதற்கு எனக்குச் சொல்லித்தந்த ஒரு பயிற்சி உண்டு, தம்பி இருப்பதால் உனக்கு வசதி. அவனை ஆறு மீட்டர் தள்ளி நிறுத்தி, உனக்கு இடமும் வலமும் மாற்றி மாற்றி எறியச் சொல். நீ தட்டாதே, பிடி. குனிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில், முழங்கால் உயரத்தில் பிடிக்க வேண்டும். உடம்புக்கு வெளியே கை நீட்டிப் பிடித்தால் கணக்கில் சேராது. நல்ல பிடி 20 ஆகும்வரை விடாதே. முதல் நாள் நாற்பது ஐம்பது தடவை எறிய வேண்டியிருக்கும், பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து அதே எறிதலைக் கையால் எடு. கால் தானாக முன்னால் போய் நிற்பது உனக்கே தெரியும்.

சுவரில் நெட் உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போடு. பெண்கள் நெட் 2.24 மீட்டர். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கோட்டுக்கு மேலேயே படும்படி விடாமல் எடு. கையை வீசினால் பந்து ஒழுங்காகத் திரும்பி வராது, சுவரே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் ஒன்று. சர்வீஸ் போடுகிறவளின் கையைப் பார். அடித்ததும் கை சட்டென நின்றுவிட்டால் அது ஃப்ளோட். சுழலாமல் ஆடி ஆடி வந்து திடீரென முன்னால் இறங்கும், ஒரு எட்டு முன்னே வைத்துக் காத்திரு. மணிக்கட்டு மடங்கிக் கை கீழே முழுதாக இறங்கினால் பந்து சுழன்று வரும், பாதை நேர், வேகம் அதிகம்.

உயரத்தை நினைத்துக் கலங்காதே. ஜப்பான் செட்டர் யோஷியே தகெஷிதாவின் உயரம் 159 செ.மீ. 2006 உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பானுக்கு ஆறாவது இடம்தான், ஆனால் தொடரின் மிகச்சிறந்த வீராங்கனை விருது அவருக்குத்தான் போனது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் வாங்கினார்.

மூன்றெட்டு எழுதியது:

அக்கா சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஸ்மாஷ் பற்றி மட்டும் நான் சொல்கிறேன் பாப்பா. விட்டுவிடாதே. பள்ளி அணியில் சுழற்சியில் எல்லோரும் முன்வரிசைக்கு வந்தே ஆக வேண்டும், அப்போது உன்னால் அடிக்க முடியாது என்று தெரிந்தால் நெட் அருகே குதித்துக் கையால் மறிக்கும் பிளாக் முழுக்க உங்கள் அணியில் அடிக்கும் மற்றவளிடம் போய்விடும். நீ ஓங்கி அடிக்க வேண்டாம். வலது கைக்காரி என்றால் இடது, வலது, இடது என்று மூன்று எட்டு வைத்து ஓடிவந்து குதி. கடைசி இரண்டு எட்டும் சட்சட்டென விழ வேண்டும். பிளாக்குக்கு மேலே தட்டிவிடவும், பிளாக்கர் கையில் உரசி வெளியே போகும்படி அடிக்கவும் பழகு.

ஆனால் உயரமாகக் குதிக்க வேண்டும் என்று தவளைத் தாவலை நூறு, இருநூறு என்று எண்ணிப் போடாதே. நான் பிளஸ் 2-வில் இறுகிப்போன மண் தரையில் தினமும் அப்படித் தாவினேன். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி பிடித்து அந்த சீசன் முழுக்க உட்கார வைத்துவிட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். இறங்கும்போது இரண்டு காலிலும், முழங்கால் மடங்கி, சத்தம் வராமல் இறங்கு. வலி வந்தால் மறைக்காமல் டீச்சரிடம் சொல்.

செம்மண்கிரவுண்டு எழுதியது:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. பத்து நாள் செய்துவிட்டு எழுதுகிறேன். முதல் நாள் 20 பிடிக்க 63 எறிதல் ஆனது. தம்பி எண்ணி நோட்டில் எழுதினான். நேற்று 31. கையைப் பார்த்தேன், தடம் இடது கையில் மட்டும்தான் இருந்தது. அதனால் வலது தோளைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து நிற்கிறேன், இப்போது இரண்டிலும் விழுகிறது. பயிற்சியில் எங்கள் கேப்டன் போட்ட எட்டு சர்வீஸில் ஐந்து செட்டரிடம் சேர்ந்தது.

ஒரு சந்தேகம் அக்கா. எனக்கும் பக்கத்தில் நிற்பவளுக்கும் நடுவில் பந்து வந்தால் இருவருமே நின்றுவிடுகிறோம். யார் எடுக்க வேண்டும்?

பழையலிபெரோ எழுதியது:

63-லிருந்து 31! அந்த நோட்டைப் பத்திரமாக வை. நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்று சர்வீஸ் விசில் ஊதுவதற்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எடுப்பவள் பந்து நெட்டைத் தாண்டும்போதே "நான்" என்று கத்த வேண்டும். மற்றவள் சும்மா நிற்காமல் அவள் பின்னால் ஒரு எட்டு வைத்துத் துணைக்குப் போகட்டும். நாளைக்குப் பயிற்சியில் இதை மட்டும் பத்துப் பந்துக்குச் செய்து பாருங்கள். எத்தனை சேர்ந்தது என்று எழுது.