ஃபிரான்சைஸ் என்பதற்கு 'இயக்கக் குத்தகை': பிரிட்டன் ரயில்வேயை முன்வைத்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டன் ரயில்வேயின் ஃபிரான்சைஸ் (franchise) முறையைத் தமிழில் 'உரிமம்' (licence) என்று எழுதலாம் என நம் குழுமத்தில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. 1993ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் இவை இரண்டும் வெவ்வேறு. சட்டப்படி விலக்குப் பெற்றாலன்றி, வண்டி ஓட்டும் எந்த நிறுவனமும், அது அரசு நிறுவனமே ஆயினும், உரிமம் பெற்றாக வேண்டும். ஃபிரான்சைஸ் என்பதோ, குறிப்பிட்ட வழித்தடங்களில் குறிப்பிட்ட காலத்துக்குப் பயணியர் வண்டிகளை ஓட்டும் பொறுப்பைப் போட்டியில் வென்று பெறும் ஒப்பந்தம். தனியாருக்கு அத்தகைய ஒப்பந்தங்களை வழங்கும் வழக்கத்தைத்தான் பயணியர் ரயில் சேவைகளை அரசுடைமையாக்கும் 2024ஆம் ஆண்டுச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. உரிமமும் ஒழுங்குமுறை அமைப்பும் நீடிக்கின்றன. 2025 மே 25 அன்று சவுத் வெஸ்டர்ன் ரயில்வே என்னும் தனியார் இயக்கிய சேவை அரசிடம் வந்ததை 'உரிமம் முடிந்தது' என்று எழுதினால், எது ஒழிந்தது, எது எஞ்சியது என்பதே வாசகருக்குப் புரியாது.

எனது பரிந்துரை 'இயக்கக் குத்தகை'. ஏரி மீனையும் புளியமரத்தையும் ஊராட்சி ஏலம் விடும்போது உடைமை ஊரிடமே இருக்கிறது. காலவரம்புக்குள் வரும் பலனும் நட்டமும் எடுத்தவரைச் சேர்கின்றன. லண்டனையும் எடின்பரோவையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைத் தடத்தில் நடந்தது இதற்கு நெருக்கமானது. 2007இல் அதை எடுத்த நேஷனல் எக்ஸ்பிரஸ் அரசுக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 140 கோடி பவுண்டு. எதிர்பார்த்த வருவாய் வராததால் 2009 நவம்பரில் தடம் அரசிடம் திரும்பியது. 2015இல் ஸ்டேஜ்கோச்சும் வெர்ஜினும் சேர்ந்து 330 கோடி பவுண்டு தருவதாக எடுத்து, 2018 ஜூனில் அதே நிலையை அடைந்தன. இவ்வாறு திரும்பி வருவதை உணர்த்தும் ஆற்றல் 'உரிமம்' என்னும் சொல்லுக்கு இல்லை.

குத்தகை எடுத்தவர்தானே பணம் கட்டுவார், பல தடங்களில் அரசே மானியம் தந்ததே என்று கேட்கலாம். இது வலுவான மறுப்புதான். ஆயினும் அங்கும் போட்டி நடந்தது. குறைந்த மானியம் கேட்பது ஏலத்தில் கூடுதலாக மதிக்கப்பட்டது. சொல்லின் எல்லையை உண்மையில் காட்டுவது 2020தான். பெருந்தொற்றுக் காலத்தில் வருவாயும் செலவும் அரசின் பொறுப்பாகி, நிறுவனங்கள் மேலாண்மைக் கட்டணம் மட்டும் பெற்றன. அதற்குப் பின் வந்த ஒப்பந்தங்களைக் குத்தகை என்று அழைக்கக் கூடாது. 'மேலாண்மை ஒப்பந்தம்' என்பதே பொருந்தும்.

ரயில் வண்டிகளின் உடைமையாளர்களான ஏஞ்சல், போர்ட்டர்புரூக், எவர்ஷோல்ட் ஆகிய நிறுவனங்கள் அவற்றை ஓட்டும் நிறுவனங்களுக்கு விடுவதையும் குத்தகை என்றால் குழப்பம் நேரும் என்பதால், அதற்கு 'வண்டி வாடகை' என்று வைத்துக்கொள்ளலாம். 'இயக்கக் குத்தகை', அதை எடுத்தவரைக் குறிக்கும் 'குத்தகையாளர்', 'உரிமம்', 'வண்டி வாடகை' ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாகவே பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன். ஒன்றை மாற்றினால் மற்றவற்றின் எல்லையும் நகரும்.