டேலிக்காக கைரேகை மெஷின்ல ஓ.டி. (ஓவர்டைம்) ரூல் செட் பண்ணேன், ஆனா 54 மணி நேரம் வேல பாத்தவங்களுக்கு ஓ.டி. பூஜ்யம்னு வருது

கூழ்க்கணக்கு, கிருஷ்ணகிரி (ஜூன் 2024; கீழ இருக்கறது அப்ப இருந்த தொழிற்சாலைகள் சட்டப்படி, 2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா புது சட்டம் வந்தது)

வணக்கம். மாங்கூழ் பேக்டரில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், பெங்களூரா மாங்காய் வர ஆரம்பிச்சா எங்களுக்கு ஞாயிறும் இல்ல ராத்திரியும் இல்ல, வெளிய லோடு வண்டி வரிசைல நிக்கும், பழம் காத்திருக்காதுல்ல. இதுவரை ஓ.டி.ய நோட்டுல எழுதி எக்செல்ல போட்டுட்டு இருந்தோம், இந்த சீசன்ல இருந்து டேலி பிரைம்ங்கற கணக்கு சாப்ட்வேரோட பேரோல்ல (சம்பளக் கணக்குல) வரணும்னு முதலாளி சொல்லிட்டார். கைரேகை மெஷின் சாப்ட்வேர்ல "ஒரு நாள்ல 9 மணி தாண்டினா ஓ.டி." னு ரூல் போட்டேன். போன வாரம் வெட்டுற டேபிள்ல இருக்கவங்க 6 நாளும் சரியா 9 மணி நேரம், ஒருத்தருக்கும் ஓ.டி. வரல. ஒரு அக்கா காலண்டர் தாள் பின்னாடி எழுதிட்டு வந்து "54 மணி நேரம் செஞ்சிருக்கேன் சாமி, இதுல முட்டைனு போட்டிருக்க?"ன்னாங்க, பதில் சொல்ல முடியல. நைட் ஷிப்ட் அதவிட மோசம், ராத்திரி 8க்கு வந்து காலைல 6க்கு போனா 4 மணி, 6 மணினு ரெண்டு நாளா பிரியுது. அப்புறம் ரேட்டுக்கு மாச சம்பளத்த 30ஆல வகுக்கணுமா 26ஆல வகுக்கணுமா?

ஓசூர் ஹெச்ஆர்

அந்த அக்கா கணக்குதான் சரி. தொழிற்சாலைகள் சட்டம் 1948, 59வது பிரிவு சொல்றது நாளுக்கு 9 *அல்லது* வாரத்துக்கு 48, எத தாண்டினாலும் டபுள் ரேட். நீங்க பாதிதான் போட்டிருக்கீங்க. தினம் 9னா நாள் கணக்குல 0, வாரக் கணக்குல 54ல 48 போக 6, ரெண்டுல எது அதிகமோ அத எடுங்க. தினம் 10 மணினா நாள் கணக்கு 6, வாரக் கணக்கு 12, எடுக்க வேண்டியது 12, ரெண்டையும் கூட்டி 18 போட்டுடாதீங்க, நானே ஒரு மாசம் அப்படி போட்டு ஆடிட்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். சட்டத்துல வாரம் சனிக்கிழமை ராத்திரி 12 மணிக்கு, அதாவது ஞாயிறுல இருந்து தொடங்குது, சாப்ட்வேர்ல திங்கள்னு இருந்தா மாத்துங்க. 2023ல தமிழ்நாட்டுல 12 மணி நேர வேலை மசோதா வந்து வாபஸ் ஆயிடுச்சே, அத மனசுல வச்சு யாராவது வேற சொன்னா கேக்காதீங்க.

நைட் ஷிப்டுக்கு 57வது பிரிவு, நள்ளிரவுக்கு அப்புறம் பாத்த நேரம் முந்தின நாளோட சேரும். சாப்ட்வேர்ல ஷிப்ட் தொடங்கின தேதிக்கே வர்ற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கும், அத ஆன் பண்ணுங்க. அப்ப அது 10 மணி, சாப்பாட்டு அரை மணி போக 9.5, அரை மணி ஓ.டி.

ரேட்டுக்கு 26தான் போடுங்க. 15,600 சம்பளம்னா 26ஆல வகுத்தா 600, 8ஆல வகுத்தா 75, டபுள் 150. 30ஆல வகுத்தா 130 வரும், மணிக்கு 20 ரூபா அவங்க கைல இருந்து போகுது. பேசிக்க மட்டும் வச்சு வகுக்காதீங்க, அலவன்சும் சேரும், போனஸ் சேராது.

தர்மபுரி டேலிக்காரன்

டேலில புரொடக்ஷன் டைப்னு ஒண்ணு ஓ.டி. பேர்ல உருவாக்கி யூனிட் மணினு கொடுங்க, பே ஹெட்ல (சம்பளத்துல ஒரு ஐட்டம்) ஆன் புரொடக்ஷன் எடுங்க, மணி ரேட்ட சேலரி டீடெயில்ஸ்ல கொடுங்க. கைரேகைப் பதிவ பாத்து டேலி மணிய கண்டுபிடிக்காது, நீங்கதான் அட்டெண்டன்ஸ் வவுச்சர்ல போடணும், அதனால 48, 9 சண்டையெல்லாம் வெளிய முடிச்சிட்டுதான் உள்ள வரணும். முக்கியமா ஒண்ணு, மெஷின்ல 2.30னு வர்றது ரெண்டரை மணி, அத அப்படியே 2.30னு அடிச்சா டேலிக்கு அது 2.3. 150 ரேட்ல 375க்கு பதிலா 345 வரும். 2.5னு அடிங்க. பி.எஃப். ஓ.டி.க்கு பிடிக்க வேணாம், இ.எஸ்.ஐ. பிடிக்கிற இடமா இருந்தா ஓ.டி.க்கும் பிடிக்கணும், ஆனா இ.எஸ்.ஐ.ல வர்றதுக்கான மாச சம்பள வரம்பு 21,000 பாக்கும்போது ஓ.டி.ய சேக்காதீங்க.

லைன்ல நிக்கிறவன்

நான் ஆபீஸ் ஆளு இல்ல, மிஷின்ல நிக்கிறவன். நிமிஷத்த ரவுண்டு பண்றதையும் பாத்து போடுங்க சார். எங்க கம்பெனில அரை மணி ஸ்லாப், 29 நிமிஷம் கூட நின்னா பூஜ்யம், அதே காலைல 3 நிமிஷம் லேட்டா விரல் வச்சா அரை மணி கட். ரெண்டு பக்கமும் எங்களுக்கே இறங்குது, இது எந்த ஊர் கணக்கு?

கூழ்க்கணக்கு, கிருஷ்ணகிரி

எல்லாருக்கும் நன்றி. 2.30 விஷயம் சொன்னதும் பழைய எக்செல்ல எடுத்து பாத்தேன், போன வருஷமும் அப்படியே அடிச்சு வச்சிருக்கேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. ரவுண்டிங்க நிமிஷத்துக்கே வைக்கலாம்னு முதலாளிகிட்ட சொன்னேன், பாக்கலாம்னார். அந்த அக்காவுக்கு நாள் கூலி 560, மணிக்கு 140 வச்சு 6 மணிக்கு 840 ஏத்திட்டேன். காலண்டர் தாள திருப்பி வாங்கிட்டு போனாங்க, இந்த வாரத்துக்கு எழுத அதுல இன்னும் இடம் இருக்காம்.