"கடும் சோர்வு" என்று எழுதியது சரியா?

தஞ்சாவூரான்:
நோயாளிகள் நிரப்பும் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'எக்ஸ்ட்ரீம் ஃபடீக்' வந்த இடத்தில் 'கடும் சோர்வு' என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முப்பது வருஷம் நடவுக்குப் போனவர். "மனசுக்கு ஒண்ணுமில்லப்பா, உடம்புதான் அலுப்பா இருக்கு" என்று சொல்லி 'இல்லை'யில் டிக் போடச் சொன்னார். அன்று காலையில்தான் சோறு வடிக்கத் தெம்பில்லாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதனால் 'கடும் அலுப்பு' என்று மாற்றப்போகிறேன். எங்கள் பக்கம் நாட்டு மருந்துக் கடையிலும் 'அலுப்பு மருந்து' என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

மதுரைப்பொண்ணு:
மாற்றாதீங்க அண்ணா. ரத்தசோகைக்கு அறிகுறி சொல்லும்போது சோர்வு என்றுதானே சொல்கிறோம், அது உடம்புக்குத்தானே? மனசுக்கு 'மனச்சோர்வு' என்று தனியாக இருக்கிறது. அலுப்பு என்றால் என் வயசுக்காரர்களுக்குச் சலிப்புதான். தினமும் அதே சாம்பார், அலுத்துப்போச்சு என்போமே, அது.

வடமராட்சியான்:
எங்கள் யாழ்ப்பாணத்தில் அது இன்னும் சிக்கல். "அலுப்படிக்காதை" என்றால் தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். உடம்புக்கு "களைச்சுப் போனன்" என்போம். களைப்பு என்றே போடுங்கோ, இரண்டு கரையிலும் விளங்கும்.

தஞ்சாவூரான்:
விளங்கும், ஆனால் வேறு மாதிரி விளங்கும். களைப்பு வேலை செய்ததால் வருவது, ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தால் போய்விடும், 'களைப்பாற' என்று சொல்வதே அதனால்தான். அசதி என்றால் தூக்கம் கண்ணைச் சொக்குகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கேள்வி தூங்கி எழுந்தும் போகாததைக் கேட்கிறது.

ஏட்டுச்சுவடி:
சோர்வுக்கு நழுவுதல் என்ற பொருளும் உண்டு. குறள் 642-இல் 'சொல்லின்கண் சோர்வு' என்பது வாய் தவறுவது. தளர்ந்துபோகாதே என்று சொல்ல வந்த 611-இல் வள்ளுவர் 'அசாவாமை' என்றார், அந்த அசா இன்று யார் வாயிலும் இல்லை. திருவாய்மொழியின் முதல் பாசுரத்தில் வரும் 'அயர்வறும் அமரர்கள்' என்பதில் அயர்வு என்றால் மறதி என்று உரை சொல்கிறார்கள், நாமோ அயர்ந்து தூங்குகிறோம். ஆயாசம் வடமொழியில் முயற்சியும் களைப்பும், இங்கே வந்து களைப்பு மட்டும் நின்றுவிட்டது. இளைப்பாறுகிற இளைப்பு இன்று மூச்சு வாங்கும் நோய். பழைய நூலை வைத்து இதைத் தீர்க்க முடியாது. படிவத்தை நிரப்புகிறவர் என்ன நினைக்கிறார் என்பதுதான் கணக்கு.

மதுரைப்பொண்ணு:
நானும் அதைத்தான் சொல்கிறேன் ஐயா, இன்று நிரப்புகிறவர்களில் பாதிப்பேர் என்னைப்போலப் பள்ளித்தமிழ் படித்தவர்கள். சரி, ஒரே சொல்லில் ஏன் அடைக்க வேண்டும்? 'ராத்திரி நன்றாகத் தூங்கியும் காலையில் எழுந்து நடமாட முடியாத அளவுக்கு உடம்பு சோர்வாக இருக்கிறதா?' என்று கேளுங்கள். அப்போதும் சோர்வு இருக்கட்டும், அதை விடமாட்டேன்.

தஞ்சாவூரான்:
சோர்வை எடுத்துவிட்டு 'உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி' என்று வைத்து அம்மாவிடம் இப்போதுதான் படித்தேன். "ஆமாம்பா, அதான் ரெண்டு மாசமா இருக்கே" என்கிறார். இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

மதுரைப்பொண்ணு:
படிவம் அப்புறம் அண்ணா. நாளைக்கே அம்மாவைக் கூட்டிப்போய் ரத்தம் பாருங்கள்.