முன்பக்கமும் பக்கவாட்டும் சேரவே மாட்டேங்குது: பனையேறி டர்ன்அரவுண்ட் ஷீட், அவசரம்

பனங்காடு23
களியக்காவிளைப் பக்கத்துப் பனையேறி ஒருத்தரை கேரக்டரா வரைஞ்சு, முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம்னு எல்லாப் பக்கமும் காட்டுற டர்ன்அரவுண்ட் ஷீட் போட்டாச்சு. அதைப் பாத்து 3டி மாடல் பண்ணுறவங்க ரெண்டாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க, முன்பக்கமும் பக்கவாட்டும் ஒட்டலையாம். எனக்குப் பாத்தா சரியாத்தான் இருக்கு. நாளைக்குக் காலைல குடுக்கணும். என்ன தப்பு?

பாறசாலை_அனி
எதுல வரைஞ்சீங்க? கேன்வாஸ் அளவு என்ன? கை எப்படி நிக்குது? ஒண்ணும் சொல்லாம எப்படிச் சொல்ல?

மஞ்சாலுமூடு
டிபிஐ (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளிங்கிறது) மாறியிருக்கும். ஒரு படம் 72, இன்னொண்ணு 300. வேற ஒண்ணும் இருக்காது.

குழித்துறை_கோடு
உடற்கூறு படிக்காம ஷீட் போட வந்தா இப்படித்தான் ஆகும். இதே கேள்வி இங்க எத்தனை தடவை வந்தாச்சு. முதல்ல பிளெண்டர்னு இருக்குற 3டி சாஃப்ட்வேர்ல உருளையும் பெட்டியுமா வச்சு ஒரு கட்டை உருவம் செஞ்சு, அதுமேல வரையணும். கையால வரையுற ஷீட் ஒருநாளும் ஒட்டாது.

பாறசாலை_அனி
ஒட்டும். கோடு போட்டு வரைஞ்சா நல்லாவே ஒட்டும். அவர் முதல்ல விவரம் சொல்லட்டும்.

பனங்காடு23
கிருத்தாங்குற வரையுற சாஃப்ட்வேர்ல. ஏ3, 300 டிபிஐ, 4961க்கு 3508. மூணு படமும் ஒரே பக்கத்துலதான் இருக்கு, அதனால டிபிஐ இல்ல. ஏ-போஸ், கை ரெண்டும் சாய்வா கீழ இறங்கி நிக்கும். உச்சந்தலையும் பாதமும் எல்லாத்துலயும் ஒரே கோட்டுல நிக்குது, உயரம் 2400 பிக்ஸல். முன்பக்கம் மட்டும் ஒரு போட்டோவைப் பாத்து வரைஞ்சது.

மேல்புறம்_மாடலர்
நாடி (முகவாய்), கால் பிரியுற இடம், முட்டு. இந்த மூணுலயும் ரெண்டு படத்துக்கும் எத்தனை பிக்ஸல் வித்தியாசம்னு அளந்து போடுங்க.

மஞ்சாலுமூடு
ஏ-போஸ்ல தோள் ஏறிக்கிடும். கையை நேரா பக்கவாட்டுல நீட்டுற டி-போஸ்ல போட்டுப் பாருங்க.

பனங்காடு23
நாடி 16, கால் பிரியுற இடம் 60, முட்டு 88. எல்லாம் முன்பக்கத்துலதான் மேல நிக்குது.

மேல்புறம்_மாடலர்
தோளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எல்லா இடத்துலயும் ஒரே அளவு தள்ளியிருந்தா படத்தை நகர்த்தினா போதும். இங்க கீழ போகப்போகக் கூடுது, அப்போ படம் சுருங்கியிருக்குன்னு அர்த்தம். பாதி உயரத்துல 60னா தரையில 120.

அந்த 120 உங்க விரல் நுனியாக்கும். போட்டோவை நெஞ்சு உயரத்துல, கிட்ட நின்னு எடுத்திருப்பாங்க. அப்படி எடுத்தா பாதம் மேலேயிருந்து பாத்த மாதிரி விழும், விரல் நுனி குதிகாலைவிடக் கீழ இறங்கிடும். நீங்க விரல் நுனியைத் தரைக்கோட்டுல வச்சு, உச்சந்தலைக்குப் பொருந்துற மாதிரி சுருக்கிட்டீங்க. பக்கவாட்டுல குதிகாலும் விரலும் ஒரே தரையில இருக்கு. அங்க 2400 இருக்குற ஆள் இங்க 2280தான்.

செய்ய வேண்டியது: முன்பக்கத்துல தரைக்கோட்டுக்கு 120 பிக்ஸல் மேல குதிகால் கோடு போடுங்க. பக்கவாட்டுல கணுக்கால் எலும்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாத்தா அந்தக் கோடு சரியான்னு தெரிஞ்சிடும். படத்தை 105.3 சதவீதம் பெருசாக்கி, குதிகால் கோட்டைத் தரையில வைங்க. இப்போ விரல் தரைக்குக் கீழ தொங்கும். அந்தப் பாதத்தை அழிச்சிட்டு, விரலும் குதிகாலும் ஒரே கோட்டுல நிக்குற மாதிரி புதுசா வரையுங்க. இனிமே போட்டோ வேணும்னா ஆறேழு மீட்டர் தள்ளி நின்னு, போனை இடுப்பு உயரத்துல பிடிச்சு, ஜூம் போட்டு எடுங்க.

இன்னொண்ணு, அருவா வைக்குற அருவாப்பெட்டி எந்தப் பக்கம்?

பனங்காடு23
வலது இடுப்புல.

மேல்புறம்_மாடலர்
அப்போ ஒரு பக்கவாட்டு போதாது. பிளெண்டர்ல முகம் நமக்கு நேரா இருக்குற உருவத்துக்கு நம்பேட் (கீபோர்டோட வலதுபக்க எண் பட்டன்) 3 அடிச்சா தெரியுறது அவரோட இடது பக்கம். பெட்டி அதுல மறைஞ்சிடும். வலது பக்கம் வேணும்னா கன்ட்ரோலோட 3. ரெண்டு பக்கமும் தனித்தனியா வரையுங்க. ஒண்ணைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டா பெட்டி இடது இடுப்புக்குப் போயிடும்.

காஞ்சிரகோடு
நிக்குற ஆளுக்குக் காலில் திளாப்பு (பனை ஏறக் காலுல மாட்டுற கயிறு) மாட்டி வரைஞ்சிடாதீங்க. அது மரத்துல ஏறும்போது மட்டும்தான். பனையேறப் பயன்படுத்துற முருக்குத்தடியையும் திளாப்பையும் தனிப் பொருள் ஷீட்டுல போடுங்க, பக்கத்துல அளவுக்கு ஒரு கை வரைஞ்சு.

பாறசாலை_அனி
ஷீட்டுல தளப்புன்னு எழுதுங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

காஞ்சிரகோடு
அது மலையாளம். எங்களுக்குத் திளாப்புதான். திருநெல்வேலிப் பக்கம் தளைநார்.

பாறசாலை_அனி
எல்லைக்கு அந்தப்பக்கமும் அதே பனை, அதே கயிறு. பேரை மட்டும் எதுக்குப் பிரிக்க?

காஞ்சிரகோடு
பிரிக்கல. கதை களியக்காவிளையில நடக்குது, அந்த ஊர்க்காரர் வாயில வர்ற சொல்தான் ஷீட்டுல இருக்கணும்னு சொல்லுறேன். நாளைக்கு வசனம் எழுதுறவங்க அதைப் பாத்துத்தான் எழுதுவாங்க.

குழித்துறை_கோடு
கட்டை உருவம் செஞ்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

மேல்புறம்_மாடலர்
கட்டை உருவமும் நல்ல வழிதான். ஆனா அதே போட்டோவை அதே தரைக்கோட்டுல வச்சுச் செஞ்சிருந்தா இதே 120 அங்கயும் வந்திருக்கும்.

பனங்காடு23
பாதம்தான். 105.3 வச்சதும் முட்டு சரியா உக்காந்துட்டு, நாடில 1 பிக்ஸல்தான் வித்தியாசம். வலது பக்கவாட்டு இப்போ வரையுறேன். திளாப்புன்னே எழுதிட்டேன்.

மேல்புறம்_மாடலர்
பின்பக்கமும் அதே போட்டோ ஆளைப் பாத்து வரைஞ்சதா? அப்படின்னா அங்கயும் குதிகாலைப் பாத்துக்கோங்க.